கீரிமலைக் கேணியும் எங்கள் கூந்தலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிப் போனால் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை கடந்து மாவிட்டபுரம் வரும். கந்தசுவாமி கோவிலடியில் இடப்பக்கம் திரும்பிச் சிறிது தூரம் சென்றால் கடல் தெரியும். அந்த இடம்தான் கீரிமலை. பெயரில் மலை இருக்கிறதே தவிர, கண்ணுக்கு மலை எதுவும் தெரியாது. குடாநாட்டில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியால் ஓடி, இங்கே கடலின் விளிம்பில் ஊற்றாக வெளிவருகிறது. அதைச் சுற்றிக் கட்டியதே கேணி. சுவருக்கு அப்பால் அலை அடிக்கும். சுவருக்கு இப்பால் குளிர்ந்த ஊற்றுநீர். கடலில் குளித்தவர் உடனே தலையை நல்ல தண்ணீரில் அலசவேண்டும் என்று இன்று அழகுக்கலை நிபுணர்கள் சொல்லுகிறார்கள். ஆடி அமாவாசையில் கடலில் மூழ்கிவிட்டு நேரே கேணிக்குள் இறங்கிய எமது பாட்டிமாருக்கு அதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

இந்தக் கேணிக்கும் எமக்கும் இடையில் பல வருடங்கள் முட்கம்பி இருந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் நகுலேஸ்வரம் கோவில் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பின்னர் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமானது. கோவிலின் கும்பாபிஷேகம் 2012 இலும் காங்கேசன்துறைக்கான ரயில் 2015 இலும் திரும்பி வந்தன. காணிகளும் கட்டம் கட்டமாக விடுபட்டன, எல்லாம் அல்ல. ஆகவே முல்லைத்தீவிலிருந்து வந்த எமது குழுவில் பலருக்குக் கீரிமலை என்பது தாய்மார் சொல்லக் கேட்ட இடம் மாத்திரமே.

குழுவில் 17 பேர். கரையோரக் கிராமம் ஒன்றில் சிறுசேமிப்புக்காகச் சேர்ந்தவர்கள். மூத்தவருக்கு 68 வயது, இளையவளுக்கு 23. கருவாடு போடுபவர்கள், தையல்காரர், கச்சான் செய்பவர்கள், ஒரு முன்பள்ளி ஆசிரியை. பதினொரு பேர் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறவர்கள். வருடத்தில் ஒருநாள் எங்காவது சேர்ந்து போய்வருவது வழக்கம். இந்தமுறை காலையில் கீரிமலை, மதியத்தின் பின் காரைநகர் கசூரினா கடற்கரை என்று முடிவாயிற்று. முடிவான உடனேயே ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள்.

“வாறம் மிஸ். ஆனால் தலை நனைக்கமாட்டம்.”

“உப்புத்தண்ணி பட்டால் மயிர் தும்பு மாதிரிப் போயிடும்.”

“ஈரத்தலையோட வான் ஏறினால் எனக்குத் தலையிடி வந்திடும்.”

“ஏற்கெனவே கொட்டுது. இருக்கிறதும் போயிட்டால் என்ன செய்யிறது?”

கடல் இவர்களின் வாசலில் இருக்கிறது. மீன் தெரிவதும், வலை துப்புரவாக்குவதும், கருவாடு காயப்போடுவதும் அதன் கரையில்தான். ஆயினும் குளிப்பதற்கென்று எப்போது கடலில் இறங்கினீர்கள் என்று கேட்டால் ‘சுனாமிக்கு முதல்’ என்றோ ‘சின்னப்பிள்ளையில’ என்றோதான் பதில் வரும். ஒரு கேள்விக்கொத்தில் இதையெல்லாம் ‘சுகாதாரக் காரணம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் புள்ளடி போட்டு முடித்துவிடலாம். சமூகவியல் படித்த காலத்தில் நாமும் அப்படிப் பல கட்டங்களை நிரப்பியிருக்கிறோம். கட்டத்துக்குள் நிற்காத காரணங்கள் கேணிப் படியில்தான் வெளிவந்தன.

தலைமுடிதான் தடை என்றால் தலைமுடிக்கு வழி செய்துகொண்டு போவோம் என்று தீர்மானித்தோம். ஒரு போத்தல் தேங்காயெண்ணெய், அகன்ற பல்லுள்ள சீப்புகள், கிழித்த பழைய பருத்திச் சேலைகள், கொண்டையூசி இரண்டு பெட்டி, பத்துத் தேசிக்காய், இருபது லீற்றர்க் கான்கள் மூன்று. ஆளுக்கு ஒரு சீப்பு என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பேன் விடயத்தில் நட்புப் பார்க்கக்கூடாது.

அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டோம். புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன். அந்த வீதியில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. ஆனையிறவு தாண்டியபின்தான் பாட்டுப் போடச் சொன்னார்கள்.

கீரிமலையில் ஆண்களின் கேணி அகலமானது, கடலைப் பார்த்துத் திறந்து கிடப்பது. பையன்கள் கட்டிலிருந்து ஓடிவந்து குதிப்பார்கள், அடிவரை சுழியோடுவார்கள். பெண்களின் கேணி சிறியது, சுற்றிச் சுவர் வைத்தது. எமக்கு மறைவு வேண்டும் என்பது உண்மை. அந்தச் சுவர் இல்லாவிட்டால் எங்கள் பதினேழு பேரில் பாதிப்பேர் இறங்கியே இருக்கமாட்டார்கள். ஆனால் மறைவைத் தரும்போது ஏன் இடத்தைக் குறைத்தார்கள் என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது. நீந்தப் பழகுவதற்கு நாலு கைவீச்சுக்கு இடம் வேண்டும்.

இறங்குமுன் படியில் அமர்ந்து கீரிமலைக் கதையைச் சொன்னேன். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார். சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி குதிரை முகத்தோடு வந்து நீராடி அழகிய முகம் பெற்றாள், ‘மா’ விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. 68 வயது அம்மா நன்றாகக் கேட்டுவிட்டு, “முகம் சரி. குதிரையின்ர பிடரிமயிருக்கு என்ன நடந்தது?” என்றார். பிறகுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. எண்ணெய்ப் போத்தலும் திறபட்டது.

ஒரு தலைமயிரைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அதன் மேற்புறம் கிடுகு வேய்ந்த கூரைபோல இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்துப் படிந்த மெல்லிய செதில்கள். தண்ணீர் உள்ளே போனால் முடி ஊதுகிறது, கிடுகுகள் சற்றுக் கிளம்புகின்றன. காயும்போது மீண்டும் படிகின்றன. மீண்டும் மீண்டும் ஊதிச் சுருங்கினால் பழைய கூரைபோல அங்கங்கே கழன்றுபோகும். கடல்நீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. நீர் காய்ந்தபின் உப்பு முடியிலேயே தங்கிவிடும். கிளம்பிய கிடுகுகள் ஒன்றையொன்று கொளுவிச் சிக்காகும். அந்தச் சிக்கை நாம் ஆத்திரத்தோடு இழுப்போம். தும்பு மாதிரிப் போவதன் கதை இதுதான். வெயிலும் சேர்ந்தால் நிறம் வெளிறிச் செம்பட்டை ஏறும். கரையோரப் பிள்ளைகளின் தலை செம்பட்டையாக இருப்பதற்கு எண்ணெய் வைக்காத தாயைக் குறைசொல்லுவோர் வெயிலையும் உப்பையும் கணக்கெடுப்பதில்லை.

காய்ந்த முடி தண்ணீரை உறிஞ்சும். முதலே நல்ல தண்ணீரால் நிறைந்த முடிக்குள் உப்புத்தண்ணீர் போவதற்கு அவ்வளவு இடம் இருக்காது. ஆகவே கடலுக்குப் போகுமுன் தலையை நல்ல தண்ணீரில் நனைக்கவேண்டும். அதற்கும் முன்னர் எண்ணெய். 2003 இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், முடியின் புரதம் கழுவுண்டு போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றுதான். மற்றவை மேலே நிற்க, இது முடிக்குள் ஊறக்கூடியது. விலைகூடிய வெளிநாட்டுப் போத்தல்களின் முன்னால் நாம் கூசவேண்டியதில்லை.

எண்ணெயை நாம் வைக்கும் முறையில்தான் ஒரு குறை. உச்சியில் அரக்கித் தேய்த்துவிட்டு நுனியை மறந்துவிடுகிறோம். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அல்லது சற்றுக் கூட வளரும். இடுப்பளவு பின்னலின் நுனி நாலைந்து வருடம் வெயிலும் தண்ணீரும் கண்டது. எண்ணெய் அதிகம் தேவைப்படுவது அதற்கே. இடுப்பளவு முடிக்கு இரண்டு தேக்கரண்டி போதும். அரை மணித்தியாலம் முதலே, கழுத்துக்குக் கீழிருந்து நுனிவரை தடவவேண்டும். வடிய வடிய வைத்துக்கொண்டு பொதுக்கேணியில் இறங்குவது நல்லதல்ல. கேணிக்குள் சவர்க்காரமும் சம்பூவும் போடுவதும் அப்படித்தான். பின்னால் வருபவருக்கும் அதே தண்ணீர்தான்.

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கையில் இன்னொன்றும் சொன்னேன். ஒரு தலைமயிரின் ஆயுள் சில வருடங்களே. அதன்பின் அது உதிர, அதே வேரில் இன்னொன்று முளைக்கும். தையல்காரப் பெண் எண்ணெய்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். “அப்ப 2009 இல முகாமுக்குள்ள என்ரை தலையில இருந்த மயிர் ஒண்டும் இப்ப இல்லையோ மிஸ்?”

இல்லை, ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, நுனியிலிருந்து மேலே தடவிப் பார்த்தாள். முகாமில் குளிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நின்றது, பேனுக்குப் பயந்து ஒட்ட வெட்டியது, கட்டை முடியைக் கண்டு மற்றவர்கள் சந்தேகமாகப் பார்த்தது எல்லாம் அந்தப் படியில் கதையாக வந்தன. நான் எழுதிக்கொள்ளவில்லை. அவர்களும் எனக்காகச் சொல்லவில்லை.

அதன்பின் பின்னல் வேலை தொடங்கியது. படியில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, முன்னால் இருப்பவரின் தலையைப் பின்னால் இருப்பவர் பின்னினார். நீந்தும்போது முடியை விரித்துவிடுவது முடிக்கும் கூடாது, உயிருக்கும் கூடாது. விரிந்த முடி தண்ணீரில் சிக்காகும். முகத்தில் படர்ந்து மூச்சை அடைக்கும். புதிதாகப் பழகுகிறவர் அந்த இடத்தில்தான் பதறுவார். இறுக்கமில்லாத இரண்டு பின்னல்கள் பின்னி, குறுக்கே மடித்துத் தலையோடு ஊசி குத்திவிட்டால் நுனிகள் பாதுகாப்பாக உள்ளே இருக்கும். இந்தக் கட்டைச் சிலர் கண்ணை மூடிக்கொண்டே அரை நிமிடத்தில் கட்டினார்கள். எங்கே பழகியது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

வலது முழங்கைக்குக் கீழே கை இல்லாத ஒரு அக்கா எங்களோடு இருந்தார். அவருடைய தலையைத் தினமும் காலையில் மகள்தான் பின்னிவிடுவாள். “என்ரை தலை மகளின்ர நேரசூசியில ஓடுது” என்பார். பள்ளிக்கூடத்தில் காலை வகுப்பு இருந்தால் அன்று பின்னல் இல்லை. கடலில் முழுகினால் சிக்கெடுக்க யார் இருக்கிறார்கள் என்பதே அவர் தலை நனைக்காத காரணம். அவருக்காகத் தையல்காரப் பெண் ஒரு வேலை செய்து கொண்டு வந்திருந்தாள். பழைய லெகின்ஸின் ஒரு காலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கத்தைச் சுருக்கித் தைத்தால் தலையோடு பிடிக்கும் ஒரு தொப்பி. குனிந்து முடியை முன்னால் விழவிட்டு ஒரு கையாலேயே அதற்குள் தள்ளி மாட்டிவிடலாம். கடையில் விற்கும் றப்பர் நீச்சல் தொப்பியும் முழுதாகத் தண்ணீரைத் தடுப்பதில்லை. முடியை ஒன்றாக வைத்திருந்து உராய்வைக் குறைப்பதே அதன் முக்கிய பயன். அந்த வேலையை லெகின்ஸ் துணி நன்றாகவே செய்தது. அன்று மாலைக்குள் ஒன்பது பேர் தங்களுக்கும் வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டார்கள்.

இறங்கியவர்களில் ஒருவர் மட்டும் கழுத்துக்கு மேலே நனையாமல் தோளில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கிட்டப் போய் இருந்தேன். கொஞ்சநேரம் கழித்துச் சொன்னார். “நனைஞ்சால் மயிர் ஒட்டிப் பிரிஞ்சிடும் மிஸ். காதுக்கு மேல வெளிச்சிடும்.” இடக்காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் செல் காயத்தின் தழும்பு. அந்த இடத்தில் முடி இல்லை. உள்ளே சிறிய பீஸ் ஒன்றும் இருப்பதாக வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். காய்ந்த முடியைப் பக்கவாட்டில் வாரிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆகவே இத்தனை வருடமும் வீட்டுக் கிணற்றடியில், கதவைச் சாத்திவிட்டு மாத்திரமே முழுகியிருக்கிறார்.

அந்த 68 வயது அம்மா எங்களுக்குக் கிட்டத்தான் நின்றார். காதில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் வந்து பின்னால் அமர்ந்து, அவருடைய பின்னலை அவிழ்த்து, வகிட்டை வலப்பக்கம் மாற்றினார். முடியை மேலிருந்து சேர்த்துச் சேர்த்து எடுத்து, தழும்பின்மேலாகப் படியும்படி தலையோடு ஒட்டப் பின்னி, நாலு ஊசி குத்தினார். “இனி மூழ்கு” என்றார். மூழ்கி எழும்பியபோது கை தானாகக் காதடிக்குப் போனது. பின்னல் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் எத்தனை தரம் மூழ்கினார் என்று நான் எண்ணவில்லை.

இப்படியான தழும்புள்ளவர்களுக்கு இரண்டொரு விடயம் சொல்லவேண்டும். தழும்பாக மாறிய தோலில் முடியின் வேர்கள் அழிந்துபோயிருக்கும். எந்த எண்ணெயும் அங்கே முடியை முளைக்கச் செய்யாது. விளம்பரத்தைப் பார்த்துக் காசைச் செலவழிக்கவேண்டாம். முற்றாக ஆறிய தழும்புக்குக் கடல்நீர் கெடுதல் செய்யாது. ஆறாத புண் இருந்தால் கேணியிலும் இறங்கக்கூடாது, கடலிலும் இறங்கக்கூடாது. தலையிலோ உடம்பிலோ பீஸ் உள்ளவர்கள் எந்த ஸ்கான் எடுக்கப் போனாலும் அதை முதலே வைத்தியரிடம் சொல்லவேண்டும். சிலவகை ஸ்கான்கள் காந்தத்தால் இயங்குபவை.

“எனக்குக் கொட்டுது” என்று சொன்னவர்கள் ஆறேழு பேர். எல்லோரும் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்கள். கிணற்றில் குளோரின் போட்டதால், கல்லுநீரால், குழாய் நீரால், உப்புநீரால். நாம் படியில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். நீங்களும் வீட்டில் செய்யலாம். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணியில் அல்லது கறுத்தச் சட்டையில் வைத்துப் பாருங்கள். நீளமான முடியாக, ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் குட்டைக் குட்டைத் துண்டுகளாக இருந்தால் அது நடுவில் முறிந்தது. முறிவது தண்ணீர், வெயில், சீப்பு, இழுத்துக் கட்டுதல் ஆகியவற்றின் வேலை. இந்தக் கட்டுரையில் சொன்ன கவனிப்பால் அது குறையும். வேரோடு உதிர்வதைத் தண்ணீரின் தலையில் போட்டுவிட முடியாது.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. அதைவிடக் கூடினால் உடம்பைப் பார்க்கவேண்டும். கடும் காய்ச்சல், மகப்பேறு, பட்டினி, பெரிய அதிர்ச்சி ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னரே முடி கொட்டத் தொடங்கும். இடைவெளி இருப்பதால் காரணம் மறந்துபோய்க் கிணற்றைத் திட்டுகிறோம். இடப்பெயர்வுக்குப் பின் முகாமில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது என்று பலர் சொல்வதற்கும் இப்படியொரு காரணம் இருந்திருக்கலாம். இவ்வாறு கொட்டுவது பெரும்பாலும் சில மாதங்களில் தானாக நின்று, முடி திரும்ப வளரும். நீண்டகாலம் தொடர்ந்தால் இரத்தச்சோகை, இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் பிரச்சினை இருக்கலாம். பிள்ளைகளுக்கு மீனைப் போட்டுவிட்டுத் தான் குழம்போடு சாப்பிடும் தாய்மாரின் தலை கொட்டுவதில் அதிசயம் இல்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் இரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று சொல்லுவார். வட்டமாகச் சொட்டை விழுந்தால் தாமதிக்காமல் வைத்தியரைக் காணுங்கள்.

பத்தரைக்குக் கேணியை விட்டு, கான்களில் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு, கரையோர வீதியால் மாதகல் பக்கமாகப் போய்ப் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகருக்குச் சேர்ந்தோம். பசி அடங்கச் சாப்பிட்டு, மர நிழலில் படுத்தெழும்பி, வெயில் சாய்ந்த பிறகே கடற்பக்கம் போனோம். கசூரினாவில் சவுக்கு மரங்கள் கரைவரை நிற்கும். கடல் மேடானது. நெடுந்தூரம் நடந்தும் முழங்காலளவு, இடுப்பளவுதான். பயந்தவர்கள் பழக இதைவிட நல்ல கடல் வடக்கில் குறைவு. ஆயினும் மார்பளவுக்கு மேலே எவரும் போவதில்லை, இரண்டு இரண்டு பேராகவே இறங்குவது, சேலை உடுத்து இறங்குவதில்லை என்று மூன்று ஒழுங்குகள் வைத்தோம். நனைந்த சேலை காலைக் கட்டும். பஞ்சாபிச் சட்டையும் லெகின்ஸும் போதும், சோலை வேண்டாம்.

கரையில் நின்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, சுனாமியைப் பற்றிச் சொன்னார். 2004 மார்கழி 26 ஆம் திகதி காலையில் முழுகித் தலை காயவைத்துக்கொண்டு நின்றவர். அலை இழுத்துக்கொண்டு போய் முட்கம்பி வேலியில் போட்டது. விரித்திருந்த முடி கம்பியில் சுற்றிக்கொண்டது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள். “நீந்தத் தெரிஞ்ச அண்ணன் தப்பினான். எனக்கும் அவனுக்கும் ஒரே கடல்தான் வாசலில்” என்றார். 2005 இல் ஒக்ஸ்பாம் நிறுவனம் சுனாமியும் பெண்களும் பற்றி வெளியிட்ட குறிப்பிலும் இதுவே இருந்தது. இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பழக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். அது அவர்கள் தப்புவதற்கு உதவியது. பெண்பிள்ளைகளை ஏன் பழக்கவில்லை என்று கேட்டால் உடுப்பு, வெயில், கறுத்துப்போதல், தலைமுடி என்று பட்டியல் வரும். கல்யாணச் சந்தையில் இடுப்பளவு பின்னலுக்கு இருக்கும் மதிப்பு நீந்தத் தெரிவதற்கு இல்லை. அதில் ஒரு பகுதியையாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெயாலும் ஒரு லெகின்ஸ் தொப்பியாலும் தீர்க்கலாம் என்றால் ஏன் தீர்க்கக்கூடாது?

அந்த அக்கா தொப்பியை மாட்டிக்கொண்டு இடுப்பளவுக்கு வந்தார். நான் கையை முதுகுக்குக் கீழே வைத்து மல்லாக்க மிதக்கப் பழக்கினேன். காதுக்குள் தண்ணீர் போனதும் எழும்பிவிட்டார். நாலாவது தரம் பத்து எண்ணும்வரை மிதந்தார். கையை எடுத்ததை நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

கரைக்கு வந்தவுடன் வெயிலில் நிற்காமல் தலையை அலசவேண்டும். காய்ந்தபின் அலசலாம் என்று வீடுவரை கொண்டுபோனால் உப்பு முடியில் இறுகிவிடும். ஆளுக்கு மூன்று லீற்றர் வைத்தோம். ஒருவர் குனிய மற்றவர் கோப்பையால் மெல்ல ஊற்றினால் அது தாராளம். பின்னலை அவிழ்க்காமல் முதல் கோப்பைகளை ஊற்றி, அவிழ்த்தபின் மிச்சத்தை ஊற்றவும். சம்பூ வீட்டில் போட்டால் போதும். சவர்க்காரத்தைத் தலைக்குப் போடவேண்டாம். எமது கிணறுகளின் கல்லுநீரில் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் பிசினாகி முடியில் ஒட்டும். கேத்திலின் அடியில் படியும் அதே சுண்ணாம்புதான். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து கடைசியாக அலசினால் அந்தப் பிசுக்குப் போய் முடி மிருதுவாகும். ஆனால் அதன்பின் நல்ல தண்ணீர் ஊற்றித் தேசிப்புளியை முற்றாகக் கழுவவேண்டும். புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும். அதனால் கடற்கரையில் தேசிக்காயை எடுக்க விடவில்லை. பத்தில் ஆறு சோடாவாகக் குடிபட்டது, நாலு மிஞ்சியது.

நாம் எல்லோரும் செய்யும் ஒரு பழக்கத்தையும் அன்று நிறுத்தினோம். துவாயால் முறுக்கிப் பிழிவதும், குனிந்து நின்று துவாயால் படார் படாரென்று அடிப்பதும். நனைந்த முடிக்குப் பலம் குறைவு. இழுத்தால் நீளும், மேலும் இழுத்தால் முறியும். பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கையால் சிக்கைப் பிரித்து, அகன்ற பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போகவேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகும். ஈரத்தலையை இறுக்கிக் கொண்டை போடாமல், அம்மம்மா போடும் நுனிமுடிச்சுப் போட்டு விட்டாலே காய்ந்துவிடும்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ நீச்சல் தடாகத்தில் பழகும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் இதே முறைதான். தடாகத்தின் குளோரின் முடியின் இயற்கையான எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். ஆகவே இறங்குமுன் குழாயில் நனைத்து, தொப்பி போட்டு, ஏறியவுடன் அலசி, சம்பூ போடச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் வானின் யன்னல்களெல்லாம் திறந்திருந்தன. ஈரத்தோடு ஏறினால் தலையிடி வரும் என்றவர் முதல் ஆளாக நித்திரையானார். பரந்தனில் தேநீருக்கு இறங்கியபோது அடுத்த பயணம் பற்றிய கதை வந்தது. மாரிக்கடல் அடங்கிப் பங்குனியில் திரும்பவும் கசூரினா, இந்தமுறை மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வருவது என்று தீர்மானித்தார்கள். பொருளாளர் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார்: கான் 5, தொப்பி 30, சீப்பு அவரவர் கொண்டுவரவேண்டும்.